அம்மாள் வந்த வீடு

சிவமலர் மச்சாளை வாசலில் கண்டதுமே கலாவதிக்குக் கதவைத் திரும்பச் சாத்திவிடலாமா என்றிருந்தது.

ஒரு கையில் வேப்பிலைக் கட்டு, மறு கையில் விம்பிள்டன் கோயில் விபூதிப் பொட்டலம், தோள்பையில் மகளின் நடன அரங்கேற்ற டிவிடி. லண்டன் மோர்டனில் அந்த வீட்டுக்கு இவ்வளவு ஆயத்தத்தோடு யாரும் வந்ததில்லை.

அம்மாள் இறங்கிப் பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்தாயிற்றா என்றுதான் முதலில் கேட்டாள். வார்த்தாயிற்று என்றாள் கலாவதி. ஒரு பொய்க்குக் காவலாக ஒன்பது பொய் வேண்டுமாம். இது ஐந்தாவதோ ஆறாவதோ.

நடந்தது இதுதான். ஜனவரியில் மலிவாகக் கிடைத்ததென்று பார்படோஸ் தீவுக்கு டிக்கெட் எடுத்தார்கள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து குடும்பமாகப் போகும் முதல் பயணம். திருப்பிக் கொடுக்க முடியாத டிக்கெட். மார்ச்சில் பார்த்தால், சிவமலரின் மகள் சிவரூபினியின் அரங்கேற்றத்துக்கு மண்டபம் கிடைத்தது சரியாக அந்தச் சனிக்கிழமைக்குத்தான்.

கலாவதியின் கணவன் விக்னேஸ்வரனுக்கு இந்த நாட்டில் கூடப்பிறந்தவள் என்று இருப்பது இந்த ஒரே அக்கா. அவளோடு முகம் முறிந்தால் முறிந்ததுதான். ஒரு பிறந்தநாளுக்கு வராமல்விட்ட ஒன்றுவிட்ட தம்பியைக் கோயிலில் கண்டால் இன்றைக்கும் தூணைப் பார்த்துக்கொண்டு போவாள்.

அதனால்தான் அவர்களின் எட்டு வயது மகள் வான்மதிக்கு அம்மாள் வந்தாள்.

பிள்ளைக்குக் கொப்பளிப்பான் அம்மை என்று ஒரு போன் எடுத்துச் சொன்னால் போதும். அம்மாள் வந்த வீட்டார் விசேஷத்துக்குப் போகக்கூடாது. அந்த வீட்டுப் பக்கமும் ஒருத்தரும் எட்டிப்பார்க்கமாட்டார்கள். இரண்டு கிழமைக்கு இதைவிடப் பத்திரமான பூட்டு உண்டா? யோசனை விக்னேஸ்வரனுடையது, பயம் கலாவதியுடையது. அம்மனின் பெயரில் பொய் சொல்வதா என்று விமானம் ஏறும்வரை அவளுக்கு மனம் கேட்கவில்லை.

ஏறியபின் கேட்டது. அதை ஏன் மறைப்பது?

கண்ணாடி அடித்தட்டுப் படகில் குனிந்து ஆமை பார்த்தாள். குகைக்குள் சின்ன ரயிலில் போனாள். குரங்குகள் சாப்பிட வரும் காட்டில் மகளோடு மூச்சுக்காட்டாமல் குந்தியிருந்தாள். ஷிப்ட் இல்லாத, சமையல் இல்லாத ஒரு கிழமை. தனக்கு இவ்வளவு சிரிக்க வரும் என்று அவளுக்கே தெரியாது.

அந்தச் சிரிப்பையெல்லாம் இப்போது ஒளிக்க வேண்டியிருந்தது.

பெட்டிகள் மாடியில் கட்டிலுக்குக் கீழே. சிப்பிகள் வாஷிங் மெஷினுக்குள். வான்மதியின் கையிலிருந்த நுளம்புக்கடித் தழும்புகள் கொப்பளிப்பான் தழும்புகளாகப் பதவி உயர்வு பெற்றிருந்தன. விக்னேஸ்வரனோ கருவாடாகக் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து நின்றான். தோட்டத்து வேலிக்குப் பெயின்ட் அடித்ததில் வந்த கறுப்பு என்று அக்காவிடம் சொன்னான். ஏப்ரல் மாத லண்டன் வெயிலில்!

அக்கா அவன் மூக்கை ஒருமுறை பார்த்தாள். வான்மதியின் பெயருக்கு அர்ச்சனை செய்ததை மட்டும் சொன்னாள். கலாவதிக்கு நிலம் பிளந்தால் நல்லது போலிருந்தது.

திரைச்சீலையை இழுத்துவிட்டு, டிவிடியைப் போட்டு, டிவிக்கு முன்னால் ரிமோட்டோடு சப்பாணி கட்டி உட்கார்ந்தான் விக்னேஸ்வரன். சிவரூபினி சலங்கையோடு மேடைக்கு வந்தாள். சோபாவில் சிவமலர் வான்மதியை அணைத்து நெற்றியில் விபூதி பூசினாள். பூசிய கை அப்படியே தலையைத் தடவியது.

பின்னந்தலைக்குப் போனதும் நின்றது.

தீவுக் கடற்கரையில் ஒரு பெண் பொறுமையாகப் பின்னிவிட்டவை அந்தப் பின்னல்கள், நுனியில் பாசிமணி கோத்த எலிவால் பின்னல்கள். விமானத்தில் வரும் வழியெல்லாம் கலாவதி அவற்றை அவிழ்த்துக்கொண்டே வந்தாள். எல்லாம் முடிந்ததென்றுதான் நினைத்திருந்தாள்.

சிவமலர் இரண்டு விரலால் ஒன்றை வெளியே இழுத்தாள். நுனியில் நீலப் பாசிமணி.

கலாவதி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். போச்சு. இத்தனை வருடச் சொந்தம் ஒரு பாசிமணியில் போச்சு.

டிவியில் மிருதங்கம் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் மச்சாள் அவள் பக்கம் சாய்ந்தாள். பார்படோஸோ என்று கேட்டாள். கலாவதி தலையை மட்டும் ஆட்டினாள்.

“தேங்காயெண்ணெய் பூசிப்போட்டு அவிட்டுவிடும், கலா. இல்லாட்டி முடி அறுந்துபோம். போன வருசம் ரூபினியின்ர தலையோட நான் பட்ட பாடு.”

கலாவதிக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

போன வருட ஈஸ்டர் விடுமுறை. இதே வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தபோது வைத்த குடிபூரல். சொந்தக்காரர் எல்லோரும் வந்தார்கள், மச்சாள் குடும்பம் மட்டும் வரவில்லை. ரூபினிக்கு அம்மாள் என்றார்கள். கலாவதி மனம் கேளாமல் இளநீர் வாங்கிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு, அம்மாள் இருக்கும் வீடென்று பெல்லைக்கூட அடிக்காமல் திரும்பிவந்தவள்.

சிவமலர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“அங்கை வெள்ளிக்கிழமை இரவிலதானே கடற்கரை முழுக்க மீன் பொரிப்பினம். வெள்ளியில மச்சம் தொடாத ஆக்கள் நீங்கள், என்ன செய்தனீங்கள்?”

கலாவதி தரையைப் பார்த்தாள். “சாப்பிட்டனாங்கள், மச்சாள்.”

“நாங்களும்தான்,” என்றாள் சிவமலர். “தம்பிக்கு இப்ப ஒண்டும் சொல்லாதையும். நாலு மணித்தியால டிவிடி, முழுக்கப் பார்க்கட்டும்.”

டிவிக்கு முன்னால் விக்னேஸ்வரன் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, கண் இமைக்காமல் மருமகளின் நடனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.