நிற்காத கேமரா

“நிழல் விழுது, தள்ளி நில்லுய்யா,” என்று மறுபடியும் எரிந்து விழுந்தார், மதராஸிலிருந்து வந்திருந்த சினிமா கேமராமேன் தணிகாசலம்.

ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களாவில் முதல் நாள் படப்பிடிப்பு. விளம்பரத்துக்கு போட்டோ எடுக்க வந்திருந்த சிரில் இரண்டடி நகர்ந்தான். கல்யாண போட்டோ எடுக்கிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று காலையிலேயே நாலு பேர் முன்னால் கேட்டாகிவிட்டது.

“பிலிம் ரோல் மாத்தணும் சார், ஒரு நிமிஷம்,” என்றான் சிரில்.

“பன்னண்டு படத்துக்கே முடிஞ்சுபோச்சா? என் கேமரா காலைலேர்ந்து ஒரு தரம்கூட நிக்கல, பாத்தியா?”

கதாநாயகி சிரித்தாள். லைட்டும் கோணமும் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே என்று சொல்ல வந்த சிரில் குனிந்து, முடிந்த ரோலைக் கழற்றினான்.

மத்தியானச் சாப்பாட்டின்போது தயாரிப்பாளர் கோவிந்தப்பா அவனைத் தனியே அழைத்தார்.

“சிரில், உங்க போட்டோ எல்லாம் நாளைக்குக் காலைல வேணும். விநியோகஸ்தர் வர்றாரு. அதைக் காட்டித்தான் பிலிம் வாங்கவே பணம் கேக்கணும்.”

“அப்ப காலைலேர்ந்து ஓடினது?”

“காலி கேமரா. மெதுவா பேசுங்க, ஹீரோயினுக்குத் தெரிஞ்சா கிளம்பிடுவாங்க. எனக்கும் தணிகாசலத்துக்கும் மட்டும்தான் தெரியும்.”

சாப்பாடு முடிந்து விளக்குகளைப் போட்டார்கள். சிரில் புது ரோலை மாட்டிக்கொண்டு நேராகத் தணிகாசலத்தின் முன்னால் போய் நின்றான்.

“சார், உங்க கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைங்க. அதோட நிழல் என் படத்துல விழுது.”