மாதாவைக் காணவில்லை

லோஹா நகரத்து முதியோர் இல்லத்தில் சின்ன மாதா சிலை தினம் ஒரு கட்டிலுக்குப் போகும். அன்றைக்கு யார் முறையோ அவர் அதை முத்தமிட்டு, மார்போடு அணைத்துத் தூங்குவார். இன்று சிலையைக் காணவில்லை.

“இன்னிக்கு என் முறை, சிஸ்டர்! அந்த எவெலியோ கிழவன்தான் தூக்கிட்டுப் போயிருப்பான்” என்று மெலானியா அழுதார். “பக்கத்துக் கட்டில் ரோசாவுராவைப் புதைச்ச ஈரம்கூடக் காயல, அதுக்குள்ள திருட்டு!”

சிஸ்டர் பெர்னார்தா குளியலறைக் கதவைத் திறந்தார். எவெலியோ சோப்பு நுரையில் மாதாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகத்துச் சாயம் பாதி போய்விட்டிருந்தது.

“என்னண்ணே இது?”

“கிட்ட வராதீங்க, சிஸ்டர். எந்த மருந்துக்கும் சாகாத கிருமி என் கால் புண்ல இருக்காம். டாக்டர் இப்பதான் சொன்னாரு. ரோசாவுராவைக் கொன்னதும் அதேதானாம். போன வாரம் என் கட்டில்லேர்ந்து மாதா நேரா அவகிட்டதானே போனா?”

சிஸ்டர் கையுறை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மாதாவோட பட்டாடையையும் துவைக்கணும்ணே.”

துவைத்துக்கொண்டே எவெலியோ கேட்டார்: “என்னை மன்னிப்பாளா?”

“மாதாவா?”

“இல்ல, ரோசாவுரா.”

சிஸ்டர் ஆடையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாகப் பிழிந்தார்கள்.