விழாதவருக்குப் பொன்னாடை

எலும்புப்புரை என்று ஸ்கேன் சொன்ன நாளிலிருந்து செண்பகவல்லிக்கு வீட்டின் பேசும் தானியங்கிக் கதவு திறப்பதில்லை. விழக்கூடியவர்களை வெளியே விடக் கூடாது என்பது அடுக்ககச் சங்கத்தின் விதி.

"எலும்பு உறுதியாக என்ன செய்யணும்?" என்று கதவையே கேட்டாள்.

"தினமும் நடங்கள். கொஞ்சம் எடை தூக்குங்கள். வெயில் படட்டும்" என்றது கதவு, கனிவாக.

"அப்ப திற. நடந்துட்டு வர்றேன்."

"மன்னிக்கவும். உங்கள் எலும்பு உறுதியாக இல்லை."

"அதுக்குத்தானே போறேங்கிறேன், மூதேவி!"

"உறுதியானதும் சொல்லுங்கள், திறக்கிறேன்."

கணவர் சபேசன் செருப்பை மாட்டிக்கொண்டே, "அதுகூட எதுக்கு மல்லுக்கு நிக்கிற? நல்லதுக்குத்தானே சொல்லுது" என்றார். அவருக்குக் கதவு திறந்தது.

மாவுப் பாத்திரத்தைத் தூக்கினால்கூடச் சமையலறை அலறியது. அந்த வருஷம் சோபாவிலேயே கழிந்தது. அடுத்த ஸ்கேனில் எலும்பு இன்னும் மோசம். கதவு இன்னொரு பூட்டையும் போட்டுக்கொண்டது.

வருஷக் கடைசியில் சங்கத் தலைவர் அருணகிரி உறுப்பினர்கள் சூழ, மைக், பொன்னாடை சகிதம் வீட்டுக்கே வந்தார். "ஒருவர்கூட விழாத குடியிருப்பு நம்முடையது! ஒத்துழைத்த அம்மா அவர்களுக்குப் பொன்னாடை!"

செண்பகவல்லி உட்கார்ந்தபடியே பொன்னாடைக்காகக் குனிந்தாள். முதுகில் மளுக்கென்றது.

"ஐயோ, நிமிர முடியலீங்க!"

கைதட்டல் நின்றது. தலைவர் கதவின் பக்கம் திரும்பினார். "விழுந்துட்டாங்களா?"

"இல்லை ஐயா. முதுகெலும்பு உட்கார்ந்த இடத்திலேயேதான் முறிந்திருக்கிறது. சாதனை தொடர்கிறது."

தலைவருக்கு மூச்சு வந்தது. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பேச்சை எங்க விட்டேன்?" என்றார்.