நாற்பத்து மூன்றாவது கையெழுத்து

எங்கள் தெரு நர்ஸ் பேனாவை நீட்டியபோது என் கண் கலங்கிவிட்டது. கட்டுப் போட்ட இடது கையில் அவள் பிடித்திருந்த தாளில் நாற்பத்திரண்டு கையெழுத்துகள். தெருவின் மேல் வரிசையில் இருபத்தொரு வீடு, கீழ் வரிசையில் இருபத்தொரு வீடு, ஒன்றுகூடக் குறையவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் இதே ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். எல்லாம் தெருக்கோடியில் இருக்கும் இரும்புக் கேட்டால் வந்த வினை. அதன் வழியாகப் போனால் பஸ் நிறுத்தம் இரண்டு நிமிட நடை, அதனால் திறந்து வைக்க வேண்டும் என்றது மேல் வரிசை. திறந்தால் பைக்குகள் பாய்ந்து வந்து பிள்ளைகளை இடிக்கின்றன, மூட வேண்டும் என்றது கீழ் வரிசை.

வாய்ச்சண்டை கைகலப்பான அன்று மூலை வீட்டுக்காரனான நான் குறுக்கே புகுந்தேன். எந்த வரிசையிலும் சேராதவன், அதோடு முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவன். என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று நானே கேட்டுக்கொண்டு நானே தலைவராகவும் ஆனேன். சமாதானம் ஆகும்வரை கேட்டுக்கு ஒரு புதுப் பூட்டு போட்டு, எந்த வரிசையும் அதைத் தொடக்கூடாது என்று இரு தரப்பிடமும் வாக்கு வாங்கினேன்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கூட்டம். சண்டையைத் தீர்த்துக்கொண்டு ஒற்றுமையாக வாழ்வது எப்படி என்று பதினாறு வாரம் பேசியிருக்கிறேன். பேசும்போது சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுழற்றுவது என் வகுப்பறைப் பழக்கம். அது சுற்றினால்தான் எனக்குச் சொல் வரும்.

நடுவில் யாராவது கை தூக்கினால், "கேள்வியெல்லாம் கடைசியில" என்பேன். அந்தக் கடைசி வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். கிழமை நாட்களில் வீடு தேடி வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுவேன். சமரசம் பேசுகிறவன் ஒரு தரப்பைத் தனியாகப் பார்க்கலாமா?

கீழ் வரிசைத் தையல்காரர் மட்டும் ஐந்தாவது வாரத்திலிருந்து விடாமல் கை தூக்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் முரட்டு ஆள், ஏதோ வம்பு வளர்க்கத்தான் துடிக்கிறார் என்பது எனக்குத் தெரியாதா? "கோபம் எதுக்கும் தீர்வாகாது, உக்காருங்க" என்று உட்கார வைத்தேன். அவருக்காகவே இரண்டு வாரம் கோபத்தைப் பற்றித் தனியாகப் பேசினேன்.

கேட் பூட்டிக் கிடப்பதால் எல்லோரும் நெடுஞ்சாலையைச் சுற்றித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். போன செவ்வாய்க்கிழமை அப்படி வேலைக்குப் போன மேல் வரிசை நர்ஸை ஒரு லாரி உரசிவிட்டது. இவ்வளவு ஆகியும் இந்த ஜனங்கள் மனசு இறங்கவில்லையே என்று சாப்பாடே இறங்கவில்லை. இந்த வாரப் பேச்சில் இன்னும் அரை மணி நேரம் சேர்த்து எழுதி வைத்தேன்.

இன்று கூட்டத்தில் அதை எடுத்துப் பிரிப்பதற்குள்தான் நர்ஸும் தையல்காரரும் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றார்கள்.

"ரெண்டு வரிசையும் சேந்து எழுதினது சார்" என்றார் தையல்காரர். "பூட்டை உடைச்சிரலாம்னு சில பேர் சொன்னாங்க. தொட மாட்டோம்னு உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டோமே. அதான் எழுத்துலயே கேட்டுருவோம்னு முடிவு பண்ணோம்."

நகராட்சிக்கு ஏதோ மனுவாக இருக்கும், என் பேச்சின் பலனை நான் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? பேனாவை வாங்கி, கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கொண்டுபோனேன்.

"அங்க இல்ல சார், இந்த ஓரத்துல" என்றாள் நர்ஸ். "தேதியும் போட்டுருங்க."

தலைவருக்கென்று தனி இடம் விட்டிருக்கிறார்கள். கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

"இவ்வளவு ஒத்துமை வந்தாச்சு" என்றேன், சாவிக்கொத்தை விரலில் மாட்டிக்கொண்டு. "அந்தக் கேட் விஷயத்துல எப்ப ஒரு முடிவுக்கு வரப் போறீங்க?"

"வந்தாச்சு சார்" என்றார் தையல்காரர். "பகல்ல திறந்திருக்கும், பைக் நுழையாம நடுவுல ஒரு கம்பம் நடணும். கம்பம் வாங்கி என் வீட்டு வாசல்ல கிடக்கு."

"எப்போ பேசினீங்க?"

"நாலாவது வாரமே. அதைச் சொல்லத்தான் கை தூக்கிக்கிட்டே இருந்தேன்."

பன்னிரண்டு வாரம். சாவிக்கொத்து வேகமெடுத்தது. நர்ஸின் கட்டுப் போட்ட கையைக் காட்டிக் கூட்டத்தை அதட்டினேன்.

"பன்னெண்டு வாரமா சமாதானமா இருந்துக்கிட்டு, கேட்டைத் திறக்காம, இந்தப் பொண்ணை அடிபட விட்டிருக்கீங்க. இதுக்கு யாரு பொறுப்பு?"

அத்தனை பேரும் என் முகத்தை விட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ்தான் மெதுவாகச் சொன்னாள்.

"சாவி உங்க விரல்லதான் சார் சுத்துது."