எல்லாத் திரையிலும்

பொத்தான் மறைந்திருக்க வேண்டும்.

எங்கேயாவது, ஏதாவது ஒரு திரையில், அது மறைந்தே ஆக வேண்டும்.

கைகளைக் கட்டிக்கொண்டு அவள் கணினி முன் காத்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் பாண்டுரங்கன் நின்றிருந்தார். சோதனையில் இருந்த இணையப் பக்கத்தை வடிவமைத்தவர்.

தனியாக வாழும் பெரியவர்களுக்காக அவர்கள் கம்பெனி நடத்தும் இணையப் பக்கம். அதில் ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் பிள்ளையின் போன் அலறும்.

பாளையங்கோட்டையில் அவளுடைய அப்பா அமுக்கவில்லை.

பதிவு சர்வரில் இருந்தது. செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்று நாற்பத்தொன்பதுக்குப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். விரலால் மேலும் கீழும் நான்கு முறை தள்ளியிருக்கிறார். பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு அசைவு நின்றுவிட்டது.

கீழ்வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தபோது மாலை ஆகியிருந்தது. நெஞ்சுவலி என்றார்கள். போன் சமையலறைத் தரையில் சிதறிக் கிடந்தது.

"தேடியிருக்கார். கிடைக்கல."

கேட்டவர்களிடமெல்லாம் இதையே சொன்னாள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருந்தவர். எவ்வளவு பெரிது என்று உடைந்த போன் சொல்லாது. பெருத்த எழுத்து பொத்தானைத் திரைக்கு வெளியே தள்ளியிருக்கும். வேறு என்ன?

பதினாறாம் நாள் காரியம் முடித்து வந்தவள் ஆபீஸ் நடுவில் நின்று சொன்னாள்.

"உங்க டிசைன்தான் பாண்டு, எங்கப்பாவக் கொன்னுச்சு."

அன்று முதல் அவர் யாருடனும் சேர்ந்து சாப்பிடவில்லை.

அவளும் சரியாகத் தூங்கவில்லை. அந்த அலறல் சத்தத்தைப் போனிலிருந்து அழிக்கவும் இல்லை. செவ்வாய்தோறும் பன்னிரண்டு ஆகும்போது கை தானாகப் போனைத் தொட்டுப் பார்க்கும்.

இந்தச் சோதனையைக் கேட்டு வாங்கியது அவள்தான்.

பத்துப் போன்களில் திறந்து பார்த்துவிட்டுச் சரி என்று சொல்கிற சோதனை இல்லை இது. பக்கத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் கணக்காக மாற்றி, தர்க்கத்தால் மடக்கிக் கேட்கிற நிரல். எந்த அகலத் திரையானாலும், போன்களில் வைக்க முடிகிற எல்லைக்குள் எவ்வளவு பெரிய எழுத்தானாலும், பக்கத்தை எப்படித் தள்ளினாலும், பொத்தான் கண்ணில் படுமா? ஒரே ஒரு திரையில் மறைந்தாலும் அந்தத் திரையைப் பிடித்துக் கொண்டுவந்துவிடும். இல்லையென்றால், இல்லை என்று நிரூபித்துவிடும்.

பாண்டுரங்கன் திரையை நோக்கிக் குனிந்தார்.

ஒரு வரி வந்தது.

அப்படி ஒரு திரை இல்லை. நிரூபணம் முடிந்தது.

அவர் அவளுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப... நான் இல்ல மேடம்."

மெதுவாகத் தன் இடத்துக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தம்.

அவள் அப்பாவின் பதிவை மறுபடி திறந்தாள்.

நான்கு முறை தள்ளியிருக்கிறார்.

நான்கு முறையும் அது அவர் கண்ணெதிரே இருந்திருக்கிறது. சிவப்பாக. விரலுக்கு எட்டும் தூரத்தில்.

அதற்கு முந்தைய மாதம் ஒருமுறை அமுக்கினார். அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை. கேஸ் புத்தகம் எங்கே என்று கேட்பதற்காக. வாடிக்கையாளர்கள் நடுவே அவள் போன் அலறியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே ஓடிவந்துதான் பேசினாள்.

"செவ்வாக்கெழம பன்னெண்டு வரைக்கும் எனக்கு மீட்டிங்ப்பா. எத்தன தடவ சொல்றது? அதுக்கு முன்னாடி இதத் தொடவே தொடாதீங்க."

"சரிம்மா. பன்னெண்டுக்கு மேல அமுக்குதேன்."

எழுத்தளவுக்குக் கொடுத்திருந்த எல்லையை அவள் அழித்தாள். எந்தப் போனிலும் இல்லாத அளவுக்குப் பெரிய ஓர் எண்ணைப் போட்டாள்.

நிரலை மறுபடி ஓடவிட்டாள்.