வீட்டுக்குள் ஒரு உளவாளி

மனைவி சட்டென்று போனைத் தலையணைக்கு அடியில் செருகினாள். பஸ் பரிசோதகரா அதைக் கவனிக்காமல் விடுவார்? டிக்கெட் எடுக்காதவனை முழியை வைத்தே பிடித்து, நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டுப் பழகிய மனுஷன்.

"போன்ல யாரு?"

"யாருமில்லையே. சும்மா பாத்துக்கிட்டிருந்தேன்."

சும்மாவாம். ஒரு நொடிதான் திரை கண்ணில் பட்டது, அவருக்கு அது போதும். ஆஸ்பத்திரியில் அவர் போனில் ஏற்றிவிட்ட அதே ஆப், இவள் போனிலும் இருந்தது.

கீமோ எடுத்துக்கொள்கிறவர்கள் தினமும் அதில் பதில் சொல்ல வேண்டும். காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, வாயில் புண் உண்டா என்று கேட்கும். பரிசோதகர் எல்லாவற்றுக்கும் 'இல்லை'யை அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். உண்டு என்று சொன்னால் அடுத்த கீமோவைத் தள்ளிப் போட்டுவிடுவார்களே. இந்தச் சனியனைச் சீக்கிரம் முடித்துத் தொலைத்துவிட்டு மறுபடி வேலைக்குப் போகவேண்டும் அவருக்கு.

அப்படியும் போன தடவை டாக்டர் தள்ளிப் போட்டார். "சாப்பாடே இறங்கலையாமே?" என்று வேறு கேட்டார். அது டாக்டருக்கு எப்படித் தெரிந்தது? வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்தால் ஏன் தெரியாது.

இப்போது எல்லாம் பிடிபட்டது. அவருக்கு மருந்து ஏறும் நாளெல்லாம், "கேன்டீன் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று கிளம்புவாள். பாட்டில் காலியாகும்வரை ஆளைக் காணமுடியாது. நர்ஸுடன் உட்கார்ந்து அவர் வண்டவாளத்தைத் தண்டவாளம் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். கட்டினவளே இப்படிச் செய்தால் யாரைத்தான் நம்புவது? மனசு கசந்துபோனது அவருக்கு.

"என்னைப் பத்தி ஆஸ்பத்திரில என்னென்ன போட்டுக் கொடுத்த?"

"ஐயோ, நான் என்னத்தப் போட்டுக் கொடுக்கப் போறேன்? அசதியா இருக்குங்க. செத்த நேரம் படுக்க விடுங்க."

போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். டிக்கெட் இல்லாதவர்கள் தூங்குவதுபோல் நடிப்பதைப் பரிசோதகர் பஸ்ஸில் எத்தனையோ பார்த்திருக்கிறார்.

தலையணைக்கு அடியில் போன் அடித்தது. அவள் அசையவில்லை. அவரே உருவி எடுத்தார். திரையில் 'நர்ஸ்' என்று வந்தது. ஆகா, கையும் களவுமாக மாட்டினாள்.

"வீட்டுக்காரர்தான் பேசறேன், சொல்லுங்க."

"நல்லதாப் போச்சு சார். ஆப்ல காய்ச்சல்னு வந்திருக்கு. கீமோ போகும்போது காய்ச்சல் வந்தா உயிருக்கே ஆபத்து, உடனே கிளம்பி வந்துடுங்க."

"அவ பேச்ச நம்பாதீங்க சிஸ்டர். அவளா எதையாவது போட்டிருப்பா. என் உடம்பு ஜில்லுனு இருக்கு, எனக்கு ஒரு காய்ச்சலும் கிடையாது."



"உங்களச் சொல்லல சார்... அவங்களுக்கும்தானே கீமோ போகுது?"