மார்பளவுச் சுவர்

"அந்தச் செவுத்தை மட்டும் இடிக்காதீங்கம்மா."

மூன்றாவது நாளாக வந்து நின்றார் பெரியவர். மதிவதனிக்கு எரிச்சலாக வந்தது.

தேரடி வீதியை ஒட்டிய சந்தில் இருந்த அந்த நாடகக் கொட்டகைக்குத் தொண்ணூறு வயசு. நாடகம் நின்று, சினிமா ஓடி, அதுவும் நின்று, கடைசியில் மல்லாட்டை எனும் வேர்க்கடலை மூட்டை அடுக்கும் குடோனாகக் கிடந்தது. அதைப் பழையபடி ஆக்கித் தரும் பொறுப்பு இன்ஜினியரான அவளுடையது. மேடை முடிந்துவிட்டது. கூரைக்கு ஓடு மாற்றியாகிவிட்டது. பாக்கி அந்தச் சுவர்தான்.

கொட்டகையின் பின்பக்கம், குறுக்கே மார்பளவுக்கு ஓடியது. அதற்கு முன்னால் சிமென்ட் தரை. பின்னால் வெறும் மண் தரை. அங்கே நுழையச் சந்துப் பக்கம் தனி வாசல். யாரை அங்கே நிறுத்தி வைத்திருப்பார்கள் என்று மதிவதனிக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இதை வெச்சுக்கிட்டு எப்படிம்மா திறப்பு விழா நடத்துறது?" என்று முதல் நாளே கூசிப்போய்ச் சொன்னார் குமரேசன். கொட்டகையைக் கட்டியவரின் பேரன். சீரமைப்புக் குழுவின் தலைவர். "எங்க தாத்தா காலத்துப் பாவம்மா இது. முதல்ல இதைத் தரைமட்டமாக்கு."

இப்படிப்பட்ட மனுஷரும் இருக்கிறாரே என்று அன்று ராத்திரி அம்மாவிடம்கூடச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

இந்தப் பெரியவர் அதற்கு நேர்மாறு. பேர் பரசுராமன். கீழ்பென்னாத்தூர்க்காரர், ரிட்டயர்டு தாசில்தார் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி கலையாத சட்டை. அதிகாரம் பண்ணியே பழகிய ஆள் என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டாள்.

"ஏன் சார் இடிக்கக் கூடாது?"

"அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கட்டும்மா. அதுக்குத்தானே ஒங்களைப் போட்டிருக்காங்க?"

"ஆளைப் பிரிச்சு நிக்க வெச்சுப் பார்க்கணும்னு இன்னும் ஆசை போகலையா சார்? ஆபீசரா இருந்த நீங்களே இப்படிப் பேசினா எப்படி?"

சத்தமாகவே கேட்டுவிட்டாள். சாரத்தில் நின்ற ஆட்கள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான்.

"அதில்லம்மா..."

பெரியவர் அண்ணாந்து அவர்களைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். முகம் சுருங்கிப்போயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானமே சுவரை இடிக்கச் சொன்னாள். சம்மட்டியை வாங்கி முதல் அடியை அவளே போட்டாள். ஆட்கள் கைதட்டினார்கள்.

ஒரு மாசம் கழித்துத் திறப்பு விழா. பட்டுத்துணி மூடியிருந்த கல்வெட்டைப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் சேர்ந்து திறந்துவைத்தார்கள். கூட்டம் தாங்கவில்லை. நெரிசலில் கல்வெட்டுப் பக்கம் போகவே மதிவதனிக்கு வழி கிடைக்கவில்லை.

உள்ளே, அந்தக் காலத்து நடிகர்களின் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். ஒரு படத்தின் முன்னால் பரசுராமன் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

அவளுக்குச் சங்கடமாக இருந்தது. கிட்டே போனாள்.

"வாங்க சார். அன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா பேசிட்டேன்."

"பரவால்லம்மா." அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கிரீடமும் வாளுமாக ஒருவர் நிமிர்ந்து நின்றார். "எங்கப்பா. பதினெட்டு வருஷம் இந்த மேடையில இவருதான் ராஜபார்ட். இவரு பாட்டெடுத்தா முன்வரிசையே எழுந்து நிக்கும்."

"அப்படியா சார்! நீங்க பார்த்திருக்கீங்களா? எங்க உட்கார்ந்து பார்ப்பீங்க?"

"உட்காரல. நின்னுதான் பார்த்தோம்." குரல் தணிந்தது. "எங்கம்மா, நான், தங்கச்சி. அந்தச் செவுத்துக்குப் பின்னால. எனக்கு எட்டாது. அம்மாதான் தூக்கிக் காட்டும். ஆட்டம் முடிஞ்சு வேஷம் கலைச்சா, அப்பாவும் எங்களோட அந்தச் சந்து வாசல் வழியாத்தாம்மா வெளிய வருவாரு."

மதிவதனி, சுவர் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்..."

"அத்தினி பேர் பார்க்கறப்போ வாய் வரல. முப்பது வருஷம் ஆபீசுலயும் இதை யார்கிட்டயும் சொல்லாமயே காலத்தை ஓட்டிட்டேன். செவுரு இருந்தா நான் பேச வேணாம் பாருங்க. பேரப்பசங்களைக் கூட்டியாந்து கையைக் காட்டினாப் போதும். இனிமே சொன்னா கதை உடறேன்னுதானே நினைப்பாங்க?"

"நினைக்க மாட்டாங்க சார். வெளிய கொட்டகையோட சரித்திரத்தையே கல்லுல எழுதி வெச்சிருக்காங்க. அதுல இருக்கும், வாங்க."

"படிச்சிட்டுத்தாம்மா உள்ள வந்தேன்."

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

'தொடக்க நாள் முதலே சாதி வேற்றுமை ஏதுமின்றி அனைவரும் சரிசமமாக அமர்ந்து நாடகம் கண்டு மகிழ்ந்த அரங்கம்' என்றது கல்.

இடிப்பதற்கு முன்னால் அவள் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. அசிங்கத்தை எதற்குப் படம் பிடிப்பது என்று விட்டுவிட்டாள்.

மாலையும் கழுத்துமாக நின்ற குமரேசனிடம் மூச்சிரைக்கப் போய் நின்றாள்.

"சார், கல்லுல தப்பா போட்டிருக்கு. உள்ள இருந்த அந்தச் சுவரு..."

குமரேசன் அவளைப் பார்த்து வாஞ்சையாகச் சிரித்தார்.

"எந்தச் சுவரும்மா?"